சாதன இயக்கியில் டிஎம்ஏ சேனலைக் கையாளுதல்: கேட்பதிலிருந்து விடுவிப்பது வரை

லினக்ஸ் கெர்னலுக்குச் சாதன இயக்கி எழுதத் தொடங்குபவர், ரெஜிஸ்டர்களைப் படித்து எழுதவும் இன்டர்ரப்ட்டைப் பிடிக்கவும் பழகிய பிறகு, அடுத்ததாக வந்து நிற்கும் இடம் டிஎம்ஏ எனப்படும் நேரடி நினைவக அணுகல். செயலி ஒவ்வொரு பைட்டையும் தானே சுமந்து செல்லாமல், சாதனத்துக்கும் நினைவகத்துக்கும் இடையிலான போக்குவரத்தை வேறொரு வன்பொருளிடம் ஒப்படைப்பதே இதன் சாரம். இதற்கான செயற்கூறுகள் எண்ணிக்கையில் அதிகமில்லை; அவற்றை அழைக்கும் வரிசையை ஒரே நாளில் கற்றுவிடலாம். ஆனால், ஒரு பஃபர் (தரவு தங்கும் நினைவகப் பகுதி) இந்த நொடியில் யார் கையில் இருக்கிறது, செயலியின் கையிலா, சாதனத்தின் கையிலா என்ற கேள்விக்கு இயக்கியின் ஒவ்வொரு வரியிலும் விடை சொல்லத் தெரியாதவரை, ஓடுவது போலத் தோன்றும் இயக்கியைத்தான் எழுத முடியும். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே படிப்படியாக நகர்கிறது. செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கெர்னல் மூலநிரலில் அவை பெரும்பாலும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், அதே அடிக்கோடுகளுடன் இருக்கும்.

முதலில், டிஎம்ஏ தேவைதானா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் ஓடும் ஒரு யுஆர்ட் சீரியல் இணைப்பில், ஒரு பைட்டுக்கு தொடக்க பிட்டும் முடிவு பிட்டும் சேர்த்து 10 பிட் என்றால், நொடிக்கு 11,520 பைட் வரும். யுஆர்ட்டுக்குள் 16 பைட் கொள்ளும் ஃபைஃபோ (வந்த வரிசையிலேயே வெளியே தரும் சிறு சேமிப்பு) இருந்து, அது நிறையும்போது மட்டும் இன்டர்ரப்ட் எழுந்தால், நொடிக்கு 720 இன்டர்ரப்ட்டுகள். எந்தச் செயலிக்கும் இது ஒரு பொருட்டல்ல. டிஎம்ஏ இல்லாமலே விட்டுவிடலாம். அதே இணைப்பை நொடிக்கு 30 லட்சம் பிட் வேகத்தில் ஓட்டினால் நொடிக்கு 3 லட்சம் பைட், 18,750 இன்டர்ரப்ட்டுகள். ஒன்று தாமதமானாலும் ஃபைஃபோ நிரம்பி வழிந்து தரவு போய்விடும். 4096 பைட் பஃபரில் டிஎம்ஏ கொண்டு நிரப்பினால், நொடிக்கு 73 முறை மட்டுமே செயலியைக் கூப்பிட வேண்டியிருக்கும். சிறிய, அரிதான பரிமாற்றங்களுக்கு டிஎம்ஏவை அமைக்கும் செலவே அதன் ஆதாயத்தைத் தின்றுவிடும் என்பதால், பல இயக்கிகள் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே செயலியையும் அதற்கு மேலே டிஎம்ஏவையும் பயன்படுத்துகின்றன. புதியவருக்கும் அதுவே நல்ல வழி; செயலி வழியாக ஓடும் பாதையை முதலில் எழுதிச் சரிபார்த்துவிட்டால், பின்னர் டிஎம்ஏ தகராறு செய்யும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆதாரம் கிடைக்கும்.

எந்த வகைச் சாதனம்?

சேனல் என்பது டிஎம்ஏ வன்பொருளில் ஒரு பரிமாற்றத்தை நடத்தும் பாதை. அதைக் கேட்பதற்கு முன், உங்கள் சாதனம் சேனல் கேட்கும் வகைதானா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்கள் மூன்று வெவ்வேறு காலங்களையும் மூன்று வெவ்வேறு வன்பொருள் அமைப்புகளையும் சேர்ந்தவை.

பழைய ஐஎஸ்ஏ (தொடக்ககாலப் பிசிகளின் பஸ்) வகையில் சேனல் என்பது எண்ணிடப்பட்ட, விரல்விட்டு எண்ணக்கூடிய வளம். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8237 சிப் ஒன்று இருந்தது. அது 4 சேனல்களைத் தந்தது. 1984இன் பிசி ஏடி இரண்டாவது சிப்பைச் சேர்த்தது. ஆனால் 4ஆம் சேனல் இரு சிப்புகளையும் இணைக்கவே செலவானதால், 0 முதல் 3 வரை 8 பிட் சேனல்களும் 5 முதல் 7 வரை 16 பிட் சேனல்களுமாக ஏழுதான் பயன்பாட்டுக்குக் கிடைத்தன. ஃபிளாப்பி டிரைவுக்கு 2ஆம் சேனல். முகவரி 24 பிட் என்பதால் பஃபர் முதல் 16 மெகாபைட்டுக்குள் இருந்தாக வேண்டும். 8237இன் முகவரி எண்ணி 16 பிட் மட்டுமே. மேல் பிட்டுகள் தனியான பேஜ் ரெஜிஸ்டரில் இருந்தன. எண்ணி சுழன்று பூஜ்யத்துக்கு வந்தாலும் பேஜ் ரெஜிஸ்டர் உயராது. ஆகவே 8 பிட் சேனலில் ஒரு பஃபர் 64 கிலோபைட் எல்லையையும், 16 பிட் சேனலில் 128 கிலோபைட் எல்லையையும் தாண்டக் கூடாது. ரிக்வெஸ்ட்_டிஎம்ஏ, ஃப்ரீ_டிஎம்ஏ என்ற செயற்கூறுகளை எங்காவது பார்த்தால், அந்த நிரல் இந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று புரிந்துகொண்டு நகர்ந்துவிடுங்கள். புதிய வன்பொருளுக்கு அது பொருந்தாது.

இரண்டாவது வகை, தன் டிஎம்ஏ எஞ்சினைத் தானே சுமந்து வரும் சாதனம். பிசிஐ எக்ஸ்பிரஸில் செருகப்படும் நெட்வொர்க் அட்டை, என்விஎம்இ சேமிப்பகம் போன்றவை இவ்வகை. இங்கே யாரிடமும் சேனல் கேட்க வேண்டியதில்லை. பிசிஐ_செட்_மாஸ்டர் கொண்டு சாதனத்துக்குப் பஸ்ஸை ஆளும் உரிமையைக் கொடுத்து, முகவரி வரம்பைச் சொல்லி, பஃபர்களை மேப் செய்து (அதாவது சாதனம் பயன்படுத்தக்கூடிய முகவரியைப் பெற்று), அவற்றின் முகவரிகளைச் சாதனத்தின் ரெஜிஸ்டர்களிலோ டிஸ்கிரிப்டர் வளையத்திலோ (பரிமாற்ற விவரங்களின் சுழல் பட்டியல்) எழுதினால் போதும்.

மூன்றாவது வகைக்குத்தான் சேனல் நிர்வாகம் உண்மையாகவே தேவைப்படுகிறது. ஒரே சிப்பில் செயலியும் யுஆர்ட், எஸ்பிஐ, ஒலிச் சாதனங்களும் கூடியிருக்கும் எஸ்ஓசிகளில், பொதுவான டிஎம்ஏ கன்ட்ரோலர் ஒன்று இருக்கும். அதன் சேனல்களைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ளும். இந்தப் பகிர்வை லினக்ஸில் டிஎம்ஏ எஞ்சின் என்ற துணையமைப்பு நடத்துகிறது. இனி வருவதில் பெரும்பகுதி இதைப் பற்றியது. பஃபர் பற்றிய பகுதி மட்டும் இரண்டாவது வகைக்கும் அப்படியே பொருந்தும்.

சேனலைக் கேட்பது

எந்தச் சாதனம் எந்தக் கன்ட்ரோலரின் எந்தக் கோரிக்கைக் கம்பியோடு இணைந்திருக்கிறது என்பது வன்பொருள் சார்ந்த தகவல்; அதை இயக்கிக்குள் எண்ணாக எழுதிவைப்பது தவறு. வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பில் உங்கள் சாதனத்தின் பகுதியில் டிஎம்ஏஸ் என்ற பண்பில் கன்ட்ரோலரையும் கம்பி எண்ணையும், டிஎம்ஏ-நேம்ஸ் என்ற பண்பில் ஆர்எக்ஸ், டிஎக்ஸ் போன்ற பெயர்களையும் கொடுக்க வேண்டும். இயக்கி, டிஎம்ஏ_ரிக்வெஸ்ட்_சான் என்று அழைத்து அந்தப் பெயரை மட்டும் சொன்னால் போதும்.

திரும்பி வரும் மதிப்பைச் சோதிக்கும்போது கவனம் தேவை. தோல்வியில் இது வெற்றுச் சுட்டியைத் தராது. பிழை எண்ணைச் சுமந்த சுட்டியைத் தரும். இஸ்_எர் கொண்டுதான் சோதிக்க வேண்டும். பிழை ஈபுரோப்_டிஃபர் என்றால், கன்ட்ரோலரின் இயக்கி இன்னும் ஏறவில்லை, பிறகு வா என்று பொருள். அப்போது புரோப் செயற்கூறு (சாதனம் இயக்கியோடு இணையும்போது கெர்னல் அழைப்பது) அதே பிழையை அப்படியே திருப்பித் தந்து வெளியேற வேண்டும். வேறு பிழை என்றால், டிஎம்ஏ இல்லாமல் செயலி வழியாக இயங்க முடியுமானால் அதற்கு மாறிக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாகப் பாவித்து, எந்தப் பிழை வந்தாலும் செயலி வழிக்கு மாறிவிடும் இயக்கி, கணினி தொடங்கும் வரிசையைப் பொறுத்து சில நாள் வேகமாகவும் சில நாள் மெதுவாகவும் ஓடும். காரணம் எந்தப் பதிவிலும் தெரியாது.

சேனலைப் புரோப்பிலேயே வாங்குவதா, பயனர் சாதனத்தைத் திறக்கும்போது வாங்குவதா என்பதில் இரு தரப்பும் உண்டு. கோரிக்கைக் கம்பிகளைவிடச் சேனல்கள் குறைவாக இருக்கும் கன்ட்ரோலரில், சும்மா கிடக்கும் சாதனம் சேனலைப் பிடித்துவைத்திருப்பது மற்றவருக்கு இடைஞ்சல். ஆனால் பல கன்ட்ரோலர் இயக்கிகள் இப்போது மெய்நிகர் சேனல்களைத் தந்து, பரிமாற்றம் தொடங்கும்போது மட்டும் உண்மைச் சேனலோடு இணைக்கின்றன. அத்தகைய இடத்தில் புரோப்பிலேயே வாங்குவதுதான் என் தேர்வு: திறக்கும் நேரத்தில் தோற்பதைவிடத் தொடக்கத்திலேயே தோற்பது கண்டறிய எளிது.

சேனல் கைக்கு வந்ததும் டிஎம்ஏஎஞ்சின்_ஸ்லேவ்_கான்ஃபிக் மூலம் மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, சாதனத்தின் ஃபைஃபோ முகவரி. இங்கே கொடுக்க வேண்டியது இயற்பியல் முகவரி. ஐஓரீமேப் திருப்பித் தந்த முகவரி செயலிக்கு மட்டுமே பொருள்படும், கன்ட்ரோலருக்கு அது வெறும் குப்பை எண். இரண்டாவது, ஒரு முறைக்கு எத்தனை பைட் அகலத்தில் எடுப்பது. மூன்றாவது, பர்ஸ்ட் அளவு, அதாவது ஒரு கோரிக்கைக்கு ஒரே மூச்சில் எடுக்கும் அளவு. இது பைட்டுகளில் அல்ல, மேலே சொன்ன அகலத்தின் மடங்குகளில் எண்ணப்படுகிறது. ஃபைஃபோவில் 16 பைட் சேர்ந்ததும் சாதனம் கோரிக்கை எழுப்புமாறு அமைத்திருக்கிறீர்கள், அகலம் 4 பைட் என்றால், பர்ஸ்ட் 4. அதையே 16 பைட்தானே என்று 16 என எழுதிவிட்டால், கன்ட்ரோலர் ஒரே மூச்சில் 64 பைட் எடுக்க முயலும். முதல் 16 பைட் மட்டும் உண்மைத் தரவாகவும் மீதி வெற்று ஃபைஃபோவிலிருந்து வந்த குப்பையாகவும் பஃபரில் சேரும். சீரான இடைவெளியில் சரியான தரவும் குப்பையும் மாறி மாறித் தெரிந்தால், வேறெங்கும் தேடாமல் இந்த எண்ணைத்தான் முதலில் பாருங்கள்.

பஃபர் யாருடையது

முகவரி வரம்பு பற்றி ஒரு சொல்: ஒரு சாதனத்தால் எத்தனை பிட் முகவரி வரை எட்ட முடியும் என்பதை டிஎம்ஏ_செட்_மாஸ்க்_அண்ட்_கோஹெரென்ட் மூலம் கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 32 பிட் என்றே கெர்னல் பொதுவாக எடுத்துக்கொள்ளும். 4 ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகம் உள்ள கணினியில், ஐஓஎம்எம்யு (சாதனங்களின் முகவரிகளை மொழிபெயர்க்கும் வன்பொருள்) இல்லாதபோது, எட்டாத இடத்திலுள்ள பஃபர்கள் பவுன்ஸ் பஃபர் என்ற இடைநிலைப் பகுதிக்குள் நகலெடுக்கப்பட்டே போய்வரும். இயக்கி சரியாகவே ஓடும், ஆனால் டிஎம்ஏவின் வேகம் நகலெடுப்பிலேயே கரைந்துவிடும். எஸ்ஓசி வகையில் இந்த வரம்பைக் கன்ட்ரோலரின் இயக்கி பார்த்துக்கொள்கிறது.

பஃபரை இரு வழிகளில் பெறலாம். டிஎம்ஏ_அலாக்_கோஹெரென்ட் தரும் நினைவகத்தைச் செயலியும் சாதனமும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியும். டிஸ்கிரிப்டர் வளையங்களுக்கும், நிற்காமல் சுழலும் ஒலிப் பஃபர்களுக்கும் இதுவே ஏற்றது. விலையும் உண்டு: கேஷ் ஒத்திசைவு இல்லாத (செயலியின் விரைவு நினைவகமான கேஷ், சாதனம் எழுதியதை அறியாத) வன்பொருளில் இந்த நினைவகம் கேஷுக்கு வெளியே வைக்கப்படுவதால், செயலி அதைப் படிப்பது மெதுவாகும். மற்றது ஸ்ட்ரீமிங் மேப்பிங். ஏற்கெனவே உள்ள பஃபரை டிஎம்ஏ_மேப்_சிங்கிள் கொண்டு சாதனத்திடம் ஒப்படைத்து, வேலை முடிந்ததும் டிஎம்ஏ_அன்மேப்_சிங்கிள் கொண்டு திரும்பப் பெறுவது. இடைப்பட்ட காலத்தில் பஃபர் முழுவதும் சாதனத்துக்குச் சொந்தம். செயலி அதில் எழுதக் கூடாது, படிக்கவும் கூடாது. நடுவில் எட்டிப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், சாதனம் அதில் எழுதாத நேரமாகப் பார்த்து டிஎம்ஏ_சிங்க்_சிங்கிள்_ஃபார்_சிபியு அழைத்து வாங்கி, பார்த்து முடித்ததும் அதன் மறுபாதியான டிஎம்ஏ_சிங்க்_சிங்கிள்_ஃபார்_டிவைஸ் அழைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேப் செய்த உடனே டிஎம்ஏ_மேப்பிங்_எரர் கொண்டு சோதிப்பதைத் தவிர்க்கவே கூடாது; தோல்விக்கான மதிப்பு பூஜ்யம் அல்ல என்பதால் பூஜ்யத்தோடு ஒப்பிடுவது பயன்படாது.

டிஎம்ஏ எஞ்சினைப் பயன்படுத்தும்போது மேப்பிங்கில் எந்தச் சாதனத்தின் பெயரைக் கொடுப்பது என்பது அடுத்த கண்ணி. நினைவகத்தைத் தொடப்போவது யுஆர்ட் அல்ல, டிஎம்ஏ கன்ட்ரோலர். ஆகவே சேனலுக்குச் சொந்தமான கன்ட்ரோலர் சாதனத்தின் பெயரில்தான் மேப் செய்ய வேண்டும். இரண்டுக்கும் வரம்புகள் ஒன்றாக இருக்கும் பலகையில் தவறான பெயரும் வேலை செய்யும். ஐஓஎம்எம்யு உள்ள பலகைக்கு மாறிய அன்று, முதல் பரிமாற்றமே பிழையில் நிற்கும்.

எல்லா நினைவகத்தையும் மேப் செய்துவிட முடியாது. ஸ்டாக்கில் அறிவித்த அணி கூடாது, கெர்னல் 4.9 முதல் எக்ஸ்86இல் ஸ்டாக்கே விமல்லாக் பகுதியில் வைக்கப்படலாம் என்பதால், பழைய நிரல்களில் தப்பிப் பிழைத்த இந்தத் தவறு இப்போது உடனே அகப்படுகிறது. விமல்லாக் நினைவகமும் இயற்பியல் முகவரியில் தொடர்ச்சியாக இருப்பதில்லை, அதுவும் கூடாது. இயற்பியல் முகவரியில் தொடர்ச்சியான நினைவகம் தரும் கேமல்லாக் சரி.

ஆனால் கேமல்லாக் மூலம் பெற்ற ஒரு பெரிய கட்டமைப்பின் நடுவில் பஃபரை வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் எடுக்கும் பிழைகளில் இது ஒன்று. கேஷ் வரி 64 பைட் என்று வைத்துக்கொள்வோம். கட்டமைப்பின் தொடக்கத்தில் 16 பைட் பெறும் பஃபர். அதை ஒட்டி, 16ஆம் பைட்டில், இன்டர்ரப்ட்டுகளை எண்ணும் ஒரு முழு எண். இரண்டும் ஒரே கேஷ் வரியில் அமர்கின்றன. பஃபரை மேப் செய்கிறீர்கள். கெர்னல் அந்த வரியைக் கேஷிலிருந்து வெளியேற்றுகிறது. சாதனம் எழுதத் தொடங்குவதற்குச் சற்று முன் வேறொரு இன்டர்ரப்ட் வந்து அந்த எண்ணியை ஒன்று கூட்டுகிறது. கூட்டுவதற்காகச் செயலி 64 பைட் வரி முழுவதையும் கேஷுக்குள் இழுக்கிறது. அதோடு பஃபரின் பழைய 16 பைட்டும் உள்ளே வருகின்றன. இப்போது சாதனம் புதிய 16 பைட்டை நினைவகத்தில் எழுதுகிறது. பிறகு, கேஷில் இடம் தேவைப்பட்டு அந்த வரி வெளியேறும்போது 64 பைட்டும் நினைவகத்துக்குத் திரும்ப எழுதப்பட, பழைய 16 பைட் புதிய தரவின் மேல் ஏறிவிடுகிறது. வரி வெளியேறாமலே இருந்து, அன்மேப் செய்யும்போது கெர்னல் அதைச் செல்லாததாக்கினாலோ, தரவு தப்பும், எண்ணியின் கூட்டல் காணாமல் போகும். நிரலில் எந்த வரியும் தவறில்லை. கட்டமைப்பில் இரண்டு உறுப்புகள் அடுத்தடுத்து இருப்பது மட்டுமே தவறு. எக்ஸ்86 கணினியில் கேஷ் ஒத்திசைவை வன்பொருளே பார்த்துக்கொள்வதால் இந்தப் பிழை அங்கே தலைகாட்டாது. ஒத்திசைவு இல்லாத ஆர்ம் பலகையில் மட்டும் எப்போதாவது வரும். தீர்வு எளிது: பஃபரைத் தனியாகக் கேமல்லாக் செய்து, கட்டமைப்பில் அதன் சுட்டியை மட்டும் வையுங்கள். இதற்குத் தேவையான சீரமைப்பைக் கேமல்லாக் தானே உறுதி செய்கிறது.

பல துண்டுகளாகச் சிதறிய பஃபருக்கு டிஎம்ஏ_மேப்_எஸ்ஜி இருக்கிறது. 10 துண்டுகளைக் கொடுத்தால், ஐஓஎம்எம்யு சிலவற்றை ஒட்டவைத்து 6 என்று திருப்பித் தரலாம். பரிமாற்றத்தைத் தயாரிக்கும்போது 6ஐக் கொடுக்க வேண்டும். அன்மேப் செய்யும்போது பழைய 10ஐக் கொடுக்க வேண்டும். பூஜ்யம் வந்தால் தோல்வி.

தயாரித்தல், சமர்ப்பித்தல், கிளப்புதல்

ஒரு பரிமாற்றம் மூன்று அழைப்புகளில் தொடங்குகிறது. டிஎம்ஏஎஞ்சின்_பிரெப்_ஸ்லேவ்_எஸ்ஜி அல்லது அதன் உறவினர்களில் ஒன்று, பரிமாற்றத்தை விவரிக்கும் டிஸ்கிரிப்டரைத் தரும். கொடுத்த அளவோ சீரமைப்போ கன்ட்ரோலருக்கு ஒத்துவராவிட்டால் வெற்றுச் சுட்டி வரும். டிஸ்கிரிப்டரில், முடிந்ததும் கூப்பிட வேண்டிய கால்பேக் செயற்கூறைப் பதிய வேண்டும். பிறகு டிஎம்ஏஎஞ்சின்_சப்மிட் அதை வரிசையில் சேர்த்து, குக்கி என்ற அடையாள எண்ணைத் தரும்; அதை டிஎம்ஏ_சப்மிட்_எரர் கொண்டு சோதிக்க வேண்டும். இந்த இரண்டு அழைப்புகளுக்கும் இடையில் வேறு வேலை எதையும் நுழைக்க வேண்டாம். சில கன்ட்ரோலர் இயக்கிகள் இடைப்பட்ட நேரத்தில் பூட்டைப் பிடித்தபடி காத்திருக்கக்கூடும்.

சப்மிட் செய்ததும் தரவு ஓடத் தொடங்கிவிடும் என்று நினைப்பதுதான் ஏறக்குறைய எல்லாப் புதியவர்களும் செய்வது. ஓடாது. டிஎம்ஏ_அசிங்க்_இஷ்யூ_பெண்டிங் அழைத்து வரிசையைக் கிளப்பினால்தான் ஓடும். பிழையும் வராமல், கால்பேக்கும் வராமல், எல்லாம் மௌனமாக நின்றால், இந்த அழைப்பு விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, டிஎம்ஏ கோரிக்கையை எழுப்பும் பிட்டைச் சாதனத்தின் சொந்த ரெஜிஸ்டரில் இயக்கியிருக்கிறீர்களா என்பது. பெறும் திசையில், முதலில் சேனலைக் கிளப்பிவிட்டு அதன் பிறகே சாதனத்தின் அந்த பிட்டை இயக்குவது பாதுகாப்பான வரிசை.

கால்பேக் பொதுவாக டாஸ்க்லெட் சூழலில் (இன்டர்ரப்ட்டை அடுத்து ஓடும், உறங்க முடியாத நிலை) ஓடுகிறது. அதற்குள் உறங்கக் கூடாது, மியூடெக்ஸ் எடுக்கக் கூடாது. அடுத்த பரிமாற்றத்தைத் தயாரித்துச் சமர்ப்பிக்கலாம். நான் கால்பேக்கைக் கூடியவரை சிறிதாக வைப்பேன்: கம்ப்ளீட் அழைத்து, காத்திருப்பவரை எழுப்பிவிட்டு வெளியேறுவது. அன்மேப் செய்வதையும் தரவைப் பார்ப்பதையும் எழுந்தவர் செய்யட்டும்.

தொடர்ந்து வரும் தரவுக்கு டிஎம்ஏஎஞ்சின்_பிரெப்_டிஎம்ஏ_சைக்ளிக் ஏற்றது. ஒரு வளையப் பஃபரைக் கன்ட்ரோலர் நிறுத்தும்வரை சுற்றிச் சுற்றி நிரப்பும். எத்தனை பைட் வந்திருக்கிறது என்பதை டிஎம்ஏஎஞ்சின்_டிஎக்ஸ்_ஸ்டேட்டஸ் தரும் மீதியிலிருந்து கணக்கிட வேண்டும். வளையம் 4096 பைட், கடைசியாகப் படித்த இடம் 1000 என்று கொள்வோம். மீதி 2596 என்று வந்தால், கன்ட்ரோலர் 1500இல் நிற்கிறது. புதிதாக 500 பைட். அடுத்த முறை மீதி 4000 என்றால் அது வளையத்தைச் சுற்றி 96இல் நிற்கிறது; புதியது, 4096இலிருந்து 1500 போக 2596, அதோடு 96, ஆக 2692 பைட். இரு வாசிப்புகளுக்கு இடையே முழுச் சுற்று ஓடிவிட்டால் இந்தக் கணக்கால் அதை அறிய முடியாது. முன்சொன்ன நொடிக்கு 3 லட்சம் பைட் வேகத்தில் 4096 பைட் வளையம் 14 மில்லிநொடிக்குள் நிரம்பிவிடும் என்பதால், வளையத்தின் அளவைத் தீர்மானிக்கும்போது செயலி அதிகபட்சம் எவ்வளவு தாமதமாக வரக்கூடும் என்பதையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். இன்னொன்று: எல்லாக் கன்ட்ரோலர்களும் மீதியைப் பைட் துல்லியத்தில் சொல்வதில்லை. சில துண்டு முடியும்போது மட்டுமே எண்ணை மாற்றும். டிஎம்ஏ_கெட்_ஸ்லேவ்_கேப்ஸ் மூலம் அந்தத் துல்லியத்தை முன்கூட்டியே கேட்டறிந்து, போதாவிட்டால் டிஎம்ஏ வழியையே கைவிடுவது மேல்.

நிறுத்துதல்

இயக்கி எழுதுபவர் தொடங்கும் பாதைக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட நிறுத்தும் பாதைக்குக் கொடுப்பதில்லை. தொடங்கும் பாதையில் தவறினால் தரவு வராது, உடனே தெரியும். நிறுத்தும் பாதையில் தவறினால், விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் சாதனம் எழுதும். அந்த நினைவகம் அதற்குள் வேறொரு துணையமைப்பின் கைக்குப் போயிருக்கும். கெர்னல் விழும்போது பதிவில் உங்கள் இயக்கியின் பெயரே இருக்காது.

இது எளிதாக நேரும் இடம், காலக்கெடு. பரிமாற்றத்தைக் கிளப்பிவிட்டு, வெயிட்_ஃபார்_கம்ப்ளீஷன்_டைம்அவுட் மூலம் ஒரு நொடி காத்திருக்கிறீர்கள், கால்பேக் வரவில்லை, பிழை எண்ணைத் திருப்பித் தந்து, பஃபரை விடுவித்து, வெளியேறுகிறீர்கள். ஆனால் காத்திருப்பது முடிந்ததே ஒழிய, பரிமாற்றம் முடியவில்லை. கன்ட்ரோலர் அந்த முகவரியை இன்னும் கையில் வைத்திருக்கிறது. சாதனம் இரண்டு நொடி கழித்துத் தரவை அனுப்பினாலும் அது அங்கேதான் போய் விழும். கெடு தாண்டியதும் முதல் வேலை சேனலை நிறுத்துவது. அதன் பிறகே அன்மேப், அதன் பிறகே விடுவிப்பு.

நிறுத்த டிஎம்ஏஎஞ்சின்_டெர்மினேட்_சிங்க் இருக்கிறது. இது சேனலை நிறுத்துவதோடு, ஓடிக்கொண்டிருக்கும் கால்பேக் முடியும்வரை காத்திருக்கவும் செய்யும். காத்திருப்பதால், இன்டர்ரப்ட்டுக்குள்ளோ ஸ்பின்லாக் பிடித்த நிலையிலோ இதை அழைக்கக் கூடாது. கால்பேக்குக்குள்ளேயே அழைத்தால், தான் முடியத் தானே காத்திருந்து அங்கேயே முடங்கிவிடும். அத்தகைய இடங்களில் டிஎம்ஏஎஞ்சின்_டெர்மினேட்_அசிங்க் அழைத்துவிட்டு, பின்னர் உறங்கக்கூடிய சூழலுக்கு வந்ததும் டிஎம்ஏஎஞ்சின்_சிங்க்ரனைஸ் அழைக்க வேண்டும். பஃபரைத் தொடும் உரிமை அந்த இரண்டாவது அழைப்பு திரும்பிய பிறகுதான் உங்களுக்கு வருகிறது. கால்பேக் தானே அடுத்த பரிமாற்றத்தைச் சமர்ப்பிக்கும் வகையில் எழுதியிருந்தால், நிறுத்துவதற்கு முன் ‘மூடுகிறோம்’ என்ற கொடியைப் பூட்டுக்குள் வைத்து ஏற்றி, கால்பேக் அதைப் பார்த்துச் சமர்ப்பிப்பதைத் தவிர்க்கச் செய்யுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் நிறுத்திய மறுகணமே அது மீண்டும் கிளப்பிவிடக்கூடும்.

ஆக, மூடும் வரிசை தொடங்கிய வரிசையின் தலைகீழ். சாதனம் புதிய கோரிக்கை எழுப்புவதை அதன் ரெஜிஸ்டரில் நிறுத்துங்கள். சேனலை நிறுத்தி, கால்பேக் முடியக் காத்திருங்கள். அன்மேப் செய்யுங்கள். பஃபரை விடுவியுங்கள். கடைசியில் டிஎம்ஏ_ரிலீஸ்_சேனல் மூலம் சேனலைத் திருப்பிக் கொடுங்கள். கணினி உறக்கத்துக்குப் போகும் பாதையிலும் முதல் இரண்டு படிகள் தேவை.

இந்த வரிசையைச் சத்தமில்லாமல் குலைப்பது டெவ்எம் வகைச் செயற்கூறுகள். இன்டர்ரப்ட்டை டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ மூலம் பதிந்திருந்தால், அதைக் கெர்னல் தானே விடுவிக்கும். ஆனால் உங்கள் ரிமூவ் செயற்கூறு (சாதனம் பிரியும்போது அழைக்கப்படுவது) முடிந்த பிறகுதான் விடுவிக்கும். சேனலை ரிமூவுக்குள் கைப்பட விடுவிக்கிறீர்கள் என்றால், சேனல் போய்விட்ட, இன்டர்ரப்ட் மட்டும் உயிரோடிருக்கும் ஒரு சிறு இடைவெளி உண்டாகிறது. அந்த இடைவெளியில் இன்டர்ரப்ட் வந்து, அதன் கையாளி மீதியைக் கேட்கச் சேனலைத் தொட்டால் கெர்னல் விழும். ரிமூவின் முதல் வரியில் டிசேபிள்_ஐஆர்க்யூ அழைப்பது ஒரு வழி, அந்த இன்டர்ரப்ட் கம்பியை வேறு சாதனம் பகிராதவரை. சேனல் விடுவிப்பையும் டெவ்எம்_ஆட்_ஆக்‌ஷன்_ஆர்_ரீசெட் மூலம் அதே பட்டியலில் சேர்ப்பது இன்னும் நல்ல வழி: சேனலை முதலில் வாங்கி, இன்டர்ரப்ட்டைப் பிறகு பதிந்தால், விடுவிப்பு தலைகீழாக, இன்டர்ரப்ட் முதலில், சேனல் பிறகு என்று தானாக நடக்கும்.

சோதித்தல்

கெர்னலைத் தொகுக்கும்போது கான்ஃபிக்_டிஎம்ஏ_ஏபிஐ_டீபக் தேர்வை இயக்கிவிடுங்கள். மேப்பிங் பிழையைச் சோதிக்க மறந்தது, மேப் செய்த அளவும் அன்மேப் செய்த அளவும் வேறுபடுவது, திசை மாறியது, ஸ்டாக் நினைவகத்தை மேப் செய்தது ஆகிய எல்லாவற்றையும் இது கெர்னல் பதிவில் எச்சரிக்கையாகக் காட்டும். வேகம் குறையும், இயக்கி எழுதி முடியும்வரை அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எந்தச் சேனல் யார் கையில் இருக்கிறது என்பதை டீபக்எஃப்எஸ்ஸில் (கெர்னலின் பிழைதேடும் தகவல்கள் கோப்புகளாகத் தெரியும் இடம்) டிஎம்ஏஎஞ்சின் அடைவிலுள்ள சம்மரி கோப்பு காட்டும். கன்ட்ரோலர் மேலேயே சந்தேகம் வந்தால் டிஎம்ஏடெஸ்ட் மாட்யூல் உதவும், ஆனால் நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு நகலெடுக்கத் தெரிந்த சேனல்களில் மட்டுமே. ஐஓஎம்எம்யு உள்ள பலகை கிடைத்தால் அதை இயக்கியே சோதியுங்கள். விடுவித்த முகவரியில் சாதனம் எழுத முயன்றால், நினைவகம் கெடுவதற்குப் பதிலாகத் தடுக்கப்பட்டு, முகவரியோடு பதிவில் வரும்.

இவையெல்லாம் அமைந்ததும், தரவு சரியாக வருகிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், முழு வேகத்தில் தரவு வந்துகொண்டிருக்கும்போதே சாதனத்தை இயக்கியிலிருந்து பிரித்து மீண்டும் இணைப்பதை ஒரு ஷெல் நிரலில் சுழலவிட்டு, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். சிஸ்எஃப்எஸ்ஸில் (சாதனங்களும் இயக்கிகளும் கோப்புகளாகத் தெரியும் இடம்) இயக்கியின் அடைவிலுள்ள அன்பைண்ட், பைண்ட் என்ற இரு கோப்புகளில் சாதனத்தின் பெயரை மாற்றி மாற்றி எழுதினால் போதும். இன்னொரு பக்கம், மறுமுனைச் சாதனத்தின் கம்பியைப் பிடுங்கி, காலக்கெடு தாண்டும் பாதையை வேண்டுமென்றே வரவழைத்து, கெடு தாண்டிய பிறகு கம்பியை மீண்டும் செருகிப் பாருங்கள். இந்த இரண்டிலும் டீபக் எச்சரிக்கை ஒன்றும் வராமல், சம்மரி கோப்பில் உங்கள் சேனல்கள் ஒவ்வொரு முறையும் திரும்ப வந்து சேர்ந்தால், இயக்கியை மற்றவர் பார்வைக்கு அனுப்பலாம்.